காப்பும் மறைப்பும்: விக்டோரியக் காலக் கோதிக் புனைகதைகளில் பெண்ணின் விழைவும் அறிவும்

ஆய்வுச் சுருக்கம்

விக்டோரியக் காலக் கோதிக் புனைகதைகளில் பாலியல் விழைவுடைய பெண் தண்டிக்கப்படுகிறாள், ஒழுக்கநெறியில் நிற்கும் பெண் காக்கப்படுகிறாள் என்பது பரவலான வாசிப்பாகும். ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1872), பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) ஆகிய இரண்டையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வாசிப்பை மறுஆய்வு செய்கிறது. இக்கதைகளில் பெண்களுக்கு நேரும் கேட்டில், அவர்களைக் காப்பதாகக் கருதி உண்மையை அவர்களிடமிருந்து மறைக்கும் செயலுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கோதிக் புனைகதை, கார்மில்லா, டிராகுலா, பெண் பாலியல், காப்பு, மறைப்பு

முன்னுரை

கவென்ட்ரி பாட்மோரின் ‘இல்லத்தின் தேவதை’ என்னும் கவிதையின் முதற்பகுதி 1854இல் வெளிவந்தது. அதன் தலைப்பே நாளடைவில் அக்கால இலட்சிய மனைவியைக் குறிக்கும் தொடராயிற்று. பெரும்பாலான பெண்களைப் பாலுணர்வு அவ்வளவாக அலைக்கழிப்பதில்லை என மருத்துவர் வில்லியம் ஆக்டன் எழுதினார். 1864, 1866, 1869ஆம் ஆண்டுகளின் தொற்றுநோய்ச் சட்டங்கள், படைவீரர் தங்கும் நகரங்களில் பரத்தையர் என ஐயுறப்பட்ட பெண்களைக் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தின. ஆண்களுக்கு அத்தகைய பரிசோதனை இல்லை. இச்சட்டங்கள் 1886இல் நீக்கப்பட்டன. மணமான பெண்ணின் சொத்துரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது. 1890களில் ‘புதிய பெண்’ குறித்த விவாதம் இதழ்களில் சூடுபிடித்தது. பெண்ணின் உடல் குறித்து மருத்துவரும் சட்டமும் பேசிய அளவுக்குப் பெண்ணுக்கு அதுபற்றி அறியும் உரிமை வழங்கப்படவில்லை. இந்த இடைவெளியே இரு கதைகளிலும் அச்சத்தின் ஊற்றாகிறது.

கார்மில்லா: மருத்துவரின் தனிப்பேச்சு

ஸ்டிரியாவில் தந்தையுடன் தனிமையில் வாழும் லாராவின் மாளிகைக்கு விருந்தினளாக வருகிறாள் கார்மில்லா. அவள்பால் லாராவுக்கு ஈர்ப்பும் அருவருப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. இருபெண்களுக்கிடையிலான விழைவை இத்துணை வெளிப்படையாகக் காட்டியமையே இக்கதை பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது. ஆனால் லாராவின் உடல்நலம் குன்றியபின் நிகழ்வதும் கருதத்தக்கது. மருத்துவர் அவளைப் பரிசோதிக்கிறார், காரணத்தை ஊகிக்கிறார், அதனை அவளிடம் கூறாமல் தந்தையிடம் தனியே பேசுகிறார். அவளைக் கணமும் தனியே விடலாகாது என வீட்டாசிரியைக்கு ஆணை பிறக்கிறது. லாரா வினவியும் தந்தை பிடிகொடுப்பதில்லை. தன் நோயின் தன்மையை அவள் ஊகிக்கும் வாய்ப்பு, தளபதி தம் இல்லத்தில் நேர்ந்த இழப்பை விவரிக்கக் கேட்கும்போதே கிட்டுகிறது. நோயாளி அவள், நோயறிவு பிறருடையது.

லூசி: அகற்றப்பட்ட பூண்டுமலர்கள்

‘டிராகுலா’வில் லூசி ஒரே நாளில் மூவரிடமிருந்து திருமண வேண்டுகோள் பெறுகிறாள். ஒரு பெண் ஏன் மூவரையும் மணக்கலாகாது எனத் தோழிக்கு எழுதும் மடலில் விளையாட்டாகக் கேட்கிறாள். இக்கேள்விக்கான தண்டனையாகவே அவளது முடிவு பலராலும் வாசிக்கப்படுகிறது. அதற்குச் சான்றுகளும் உள. நால்வரின் குருதி அவள் உடலில் செலுத்தப்படுகிறது. அதனைத் திருமணத்திற்கு ஒப்பாக ஆர்தர் எண்ணுகிறான். ஏனைய மூவர் குருதி தந்ததை அவனிடம் மறைக்கின்றனர். செப்டம்பர் 28 அவர்களது மணநாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஆர்தரே அவள் மார்பில் முளையை அறைகிறான்.

எனினும் லூசி அந்நிலையை அடைந்த வழியைப் பின்தொடர்ந்தால் மற்றொரு காரணம் புலனாகிறது. வான் ஹெல்சிங் அவள் அறையில் பூண்டுமலர்களை வைக்கிறார். ஏன் என்று விளக்காமல் கீழ்ப்படியுமாறு கூறுகிறார். இதயநோயுற்ற தாயிடம் எதுவும் தெரிவிக்கலாகாது என்பது மருத்துவர்களின் முடிவு. எதையும் அறியாத தாய், மகள்மீது கொண்ட அன்பினால், மலர்களை அகற்றிச் சாளரத்தைத் திறந்துவிடுகிறாள். தாயின் நலங்கருதிய மௌனம் மகளைப் பலிகொள்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வான் ஹெல்சிங் தம் ஐயத்தைத் தம் மாணவரான சீவர்டிடமும் நெடுநாள் கூறவில்லை. ஆயினும் சீவர்டுக்கு இறுதியில் சான்றுகள் காட்டப்பட்டு, நம்பவும் மறுக்கவும் இடம் தரப்படுகிறது. லூசிக்கும் அவள் தாய்க்கும் அவ்வாய்ப்பு ஒருபோதும் கிட்டவில்லை.

மினா: தொகுத்தவளை விலக்குதல்

மினாவை லூசியின் எதிர்நிலையாகக் காண்பது வழக்கம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற அவள், சிதறிக்கிடந்த நாட்குறிப்புகளையும் மடல்களையும் காலவரிசைப்படுத்துகிறாள். பகைவன் யாரென அனைவரும் அறிவது அத்தொகுப்பினால்தான். அது நிறைவேறியதும், செப்டம்பர் 30 அன்று, இனி அவளிடம் எதையும் கூறுவதில்லை என ஆண்கள் முடிவுசெய்கின்றனர். பெண்ணின் மனம் தாங்காது என்பது அவர்கள் கூறும் காரணம்.

டிராகுலா அவளைத் தாக்குவது இவ்விலக்கலுக்குப் பின்னரே. அவளது வெளிறிய முகத்தைக் கணவன் காண்கிறான், களைப்பெனக் கொள்கிறான். லூசியிடம் இதே அறிகுறிகளைக் கண்ட மருத்துவர்கள் அதே கூரையின்கீழ் உள்ளனர். அவளிடம் பேசுவதைத் தவிர்த்தமையால் அறிகுறி கண்முன் இருந்தும் பொருள்படவில்லை. மினாவின் கேட்டிற்கு அவளது விழைவைக் காரணமாக்கப் பிரதியில் இடமில்லை. ஒழுக்கநெறியில் நின்றவள் காக்கப்பட்டாள் என்னும் வாய்பாடும் இங்குப் பொருந்தாது.

பின்னர் மினாவே தம் திட்டங்களைத் தன்னிடம் கூறவேண்டாம் என வேண்டுகிறாள். டிராகுலாவுடன் ஏற்பட்டுவிட்ட மனத்தொடர்பின் வழி அவை அவனை எட்டக்கூடும் என அவள் அஞ்சுகிறாள். முன்னைய மறைப்பு அவள்மீது சுமத்தப்பட்டது. இது அவளே அறிந்து தேர்ந்தது. தன்னை அறிதுயிலில் ஆழ்த்தி வினவுமாறு யோசனை கூறுபவளும், டிராகுலா தப்பிச்செல்லும் ஆற்றுவழியை உய்த்துணர்பவளும் அவளே.

முடிவுரை

1982இல் கேரல் சென்ஃப் இந்நாவலைப் ‘புதிய பெண்’ணுக்கு ஸ்டோக்கர் அளித்த எதிர்வினையாக ஆராய்ந்தார். 1984இல் கிறிஸ்டஃபர் கிராஃப்ட் அதிலுள்ள பால்நிலைப் பிறழ்வுகளை விளக்கினார். விழைவை மையப்படுத்தும் இத்தகைய ஆய்வுகள் இன்றியமையாதவை. ஆயினும் விழைவு, தண்டனை என்னும் இரண்டோடு நின்றுவிடும் வாசிப்பு, காப்பாளர்களைக் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. பாதிக்கப்பட்டவளின் இயல்பை ஆராய்ந்து, அவளைச் சூழ்ந்திருந்தோரின் மௌனத்தை ஆராயாமல் விடும் வழக்கத்திற்கு அது துணைபோகிறது.

ஸ்டோக்கர் இக்குற்றச்சாட்டை எண்ணியே எழுதினார் எனக் கூற இயலாது. நாவலின் இறுதிக்குறிப்பு மினாவை வீரமுள்ள தாயாகப் போற்றுகிறது. அவள் தட்டச்சு செய்த தாள்களையோ மூலச்சான்றாகா எனத் தாழ்த்துகிறது. ஆனால் வாசகர் கையில் எஞ்சியிருப்பவை அத்தாள்களே. காப்பு என்ற பெயரில் நிகழ்ந்த மறைப்பின் விளைவுகளை நாள்வாரியாகக் காட்டும் சான்றும் அவற்றிலேயே அடங்கியுள்ளது.