சுவருக்குள் மறையும் கம்பளி

கனடா போன்ற குளிர்நாட்டு அலுவலகக் கட்டடங்களில், எஃகுச் சட்டகத்துக்கும் வெளி உறைக்கும் இடையே வைக்கப்படும் கனிமக் கம்பளிப் பலகையைக் கையிலெடுப்பவருக்கு, அது எரிமலைப் பாறையையும் உலைக்கசடையும் ஏறத்தாழ 1500 பாகை செல்சியசில் உருக்கிச் சுழற்றி இழையாக்கிய பொருள் என்று நம்புவது கடினம். அழுத்தும் விரலுக்குச் சற்றே இடங்கொடுத்து மெல்ல மீளும் அதன் பச்சை கலந்த பழுப்பு மேனியில் தெளித்த நீர் மணிமணியாக உருண்டு வழிகிறது. நீராவியோ தடையின்றி ஊடே கடந்துவிடுவதால் சுவர் உலர்ந்தே இருக்கிறது. நெருப்புக்கும் அது எளிதில் அசைவதில்லை.

எஃகின் வழியே வெப்பம் வெளியேறும் தடமாகிய வெப்பப் பாலத்தை மறிப்பதற்காகவே இப்பலகைகள் சட்டகத்தின் புறத்தே தொடர்ச்சியாகப் பதிக்கப்படுகின்றன என்பதால், வேலையின் அழகு முழுவதும் இணைப்புகளில்தான் இருக்கிறது. ரொட்டி அறுக்கும் கத்தியைப் போன்ற பல்வைத்த கத்தி சரசரவென்று இழைகளினூடே இறங்க, தேர்ந்த பணியாளர் இடைவெளியைவிட ஒரு மயிரிழை கூடுதலாகவே அறுத்து, ஓரங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்குமாறு செருகி, மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்பின் நேரே விழாதபடி மாற்றியடுக்குகிறார். திருகாணியின் வட்டத்தகடு பலகையைக் குழியாக்காமல் தொட்டு நிற்கும் கணத்தில் முடுக்குவதை நிறுத்திவிடும் அவரது கைப்பழக்கம் உண்மையிலேயே பாராட்டுக்குரியது.