பால்கனின் பிரஷ்யர்களும் பாரிஸ் கடனும்

பல்கேரியப் படையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "பால்கனின் பிரஷ்யர்கள்" என்ற பட்டத்தோடுதான் தொடங்குகிறார்கள். ஒரு படைக்கொடியைக்கூட எதிரியிடம் பறிகொடுக்காதவர்கள் என்ற பெருமிதம் அடுத்த வரியில் வந்துவிடும். அந்த வீரர்களின் துணிவை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டத்தின் நிழலில் வளர்ந்த பீரங்கி வரலாறு, பீரங்கி யார் காசில் வந்தது, பழுதானால் யார் செப்பனிட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான 1876 ஏப்ரல் எழுச்சியில் செரி மரத்தைக் குடைந்து, இரும்புப் பட்டை அடித்துச் செய்த பீரங்கியை இவான் வாசோவின் 'நுகத்தடியின் கீழ்' வாசகர்கள் அறிவார்கள். விடுதலைக்குப் பிறகு ரஷ்யர்கள் விட்டுச்சென்ற பீரங்கிகள் வந்தன. 1885இல் ரஷ்ய அதிகாரிகள் திரும்ப அழைக்கப்பட, செர்பியப் போரைக் கேப்டன்களே நடத்தினார்கள். அந்தப் போரின் ஸ்லிவ்னிட்சா சண்டையில் பீரங்கிப் படையை நடத்திய ஒலிம்பி பானோவை, ரூசே நகர ராணுவக் கிளர்ச்சிக்காக 1887இல் சொந்த நாட்டு அரசே சுட்டுக்கொன்றது. அவருக்கு உரிய இடத்தை இந்த வரலாறுகள் இன்னும் தரவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் வரலாற்றாசிரியர்கள் மிகவும் சறுக்குகிறார்கள். 1902இல் வாங்கிய கடனுக்குப் புகையிலை வரியே ஈடு. வசூலைக் கண்காணிக்கக் கடன் பத்திரதாரர்களின் பிரதிநிதி சோஃபியாவிலேயே உட்கார்ந்திருந்தார். 1904இல் பாரிஸ் இன்னொரு 10 கோடி பிராங்க் கொடுத்தபோது, பீரங்கிகளைப் பிரான்ஸின் ஷ்னைடர் ஆலையில் வாங்கவேண்டும் என்பது பேரத்தின் பகுதி. அப்படி வந்ததுதான் புகழ்பெற்ற 75 மி.மீ. விரைவுப் பீரங்கி.

அதன் அருமை பழைய 87 மி.மீ. க்ரூப் பீரங்கியோடு ஒப்பிட்டால்தான் புரியும். க்ரூப் சுட்டதும் வண்டியோடு பின்னால் உருளும். ஆட்கள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளி, பழைய இடத்தில் நிறுத்தி, மறுபடி குறிபார்க்கவேண்டும். ஷ்னைடரில் குழாய் மட்டும் பின்வாங்கித் தானே முன்னே வந்துவிடும். குறி அதிகம் கலையாது; அடுத்த குண்டை உடனே போடலாம். முதல் பால்கன் போரில், 1912 அக்டோபரில், ஒட்டோமான்களின் லோசென்கிராத் விழுந்ததும் ஐரோப்பியப் பத்திரிகைகள் அதை பல்கேரியர்களின் ஷ்னைடருக்கும் ஒட்டோமான்களின் க்ரூப்புக்குமான போட்டியாகவே எழுதின. அதே மாதம் எடிர்னே மேல் பல்கேரிய விமானிகள் குண்டு போட்டதை "உலகில் முதன்முறை" என்று இன்றும் பரப்புகிறார்கள். முந்தைய ஆண்டே லிபியாவில் இத்தாலியர் கவோட்டி அதைச் செய்துவிட்டார்.

1913 மார்ச்சில் எடிர்னே வீழ்ந்ததைப் பல்கேரியக் காலாட்படையின் தனி வெற்றியாகச் சொல்வது இதைவிடப் பெரிய பிழை. முற்றுகைப் பீரங்கிகளில் பல பழைய க்ரூப்கள். அவை போதாமல் செர்பியா தன் கனரகப் பீரங்கிகளை அனுப்பியது. சில மாதங்களில் இரு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதால், அந்த உதவி பல்கேரிய நினைவில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

முதல் உலகப் போரில் டொய்ரானில் 1917இலும் 1918இலும் பிரிட்டிஷ் தாக்குதல்களை முறியடித்த விளாதிமிர் வாசோவ் பீரங்கிக்காரர், நாவலாசிரியர் இவான் வாசோவின் தம்பி. அந்த வெற்றி போரின் முடிவை மாற்றவில்லை. 1919 நெயி ஒப்பந்தம் படையை 20,000 பேராகச் சுருக்கி, கனரகப் பீரங்கியைப் பறித்தது. எழுதப்பட்ட வரலாறுகளுக்கு வந்தால், போர் அமைச்சகம் வெளியிட்ட பால்கன் போர் வரலாற்றுத் தொகுதிகளில் உத்தரவுகளும் நகர்வுகளும் கொட்டிக்கிடக்கின்றன. பட்டறைக்காரர்கள் கண்ணில் படுவதில்லை. கம்யூனிச ஆண்டுகள் ரஷ்ய நட்பையே திரும்பத் திரும்பப் பாடின. 1989க்குப் பின் வந்தவை பளபளப்பான பட்டியல்கள்: மாடல், விட்டம், எடை, சின்னத்தின் நிறம். துருக்கி எல்லையில் மண்ணில் புதைத்து அரணாக வைத்த ஜெர்மன் டாங்கிகள் வெளியே எடுக்கப்பட்டபோதும் பேச்சு அவற்றின் விலையைச் சுற்றியே நடந்தது.

எழுதப்படவேண்டியது ஆர்சனல் ஆலையின் கதை. 1878இல் ரூசேயில் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, 1891இல் சோஃபியா, 1924இல் ரோஜாத் தோட்டங்களின் கசான்லாக், பிறகு கலாஷ்னிகோவ் என்று நீண்ட கதை அது. கடன் ஒப்பந்தங்களையும் பட்டறைக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுதவேண்டும். வேலிகோ தர்னோவோவின் ராணுவ ஆவணக் காப்பகத்துக்குப் போகும் இளம் ஆய்வாளர்கள் தளபதிகளின் கோப்புகளை விட்டுவிட்டு முதலில் அந்த ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் கேட்டு வாங்கட்டும்.