கவராயமும் கூடையும்: ஓர் உருவப்படம் பற்றிய குறிப்பு

றொக்கோக்கோ ஓவியத்தை முற்போக்கு விமரிசகர் பலர் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவர். உழைப்பறியாத பிரெஞ்சுப் பிரபுத்துவத்தின் பட்டாடைக் கலை அது என்பர். பெருமளவிற்கு அது சரியே. ஆயின் மரியான் லுவார் என்னும் பெண் ஓவியர் 1740களில் தீட்டிய எமிலி டு சாற்லேயின் எண்ணெய்வண்ண உருவப்படத்தை அவ்வாக்கியத்துள் அடக்குதல் எளிதன்று. அப்படம் போர்தோ நகர நுண்கலை அரும்பொருளகத்தில் உள்ளது.

எமிலி, நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வைப் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்த்தவர். கருவுற்றிருந்த நிலையில் அப்பணியை முடித்து, 1749 செப்டெம்பரில் பிரசவித்துச் சில நாட்களில் இறந்தார். முழுநூல் 1759இலேயே வெளிவந்தது. 1740இல் அவர் வெளியிட்ட பௌதிக நூலின் முதற்பதிப்போ ஆசிரியர் பெயரின்றியே வந்தது.

படத்தில் அவரது ஒரு கையில் கவராயம். மறு கையில் கார்னேசன் மலர். மலர் அக்காலப் பெண் உருவப்படங்களின் மரபு. கவராயம் அம்மரபை மீறுவது. வோல்ற்றயர் 1738இல் வெளியிட்ட நியூற்றன் பற்றிய நூலின் முகப்புச் சித்திரத்தை இதனருகில் வைத்து நோக்குதல் வேண்டும். அங்கு வோல்ற்றயர் மேசையில் எழுதுகிறார். எமிலியோ நியூற்றனின் ஒளியை அவர்மீது தெறிக்கச் செய்யும் கண்ணாடியை ஏந்தி மேகத்தில் மிதக்கிறார். கண்ணாடி ஏந்திய கையிலே கருவியை வைத்தவர் ஒரு பெண் ஓவியர் என்பது தற்செயலன்று என்றே கருதுகிறேன். எனினும் அக்கவராயம் எதனையும் அளக்கவில்லை. இரவிரவாகக் கணக்கிட்ட உழைப்பின் சோர்வு அம்முகத்திற் படியவுமில்லை. உழைப்பை மறைத்தால்தான் உயர்குலப் பெண்ணுக்குப் படம்.

எமது ஊவாவிலே நிலைமை தலைகீழானது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். அக்காலந்தொட்டு இலங்கைத் தேயிலை விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் உலகெங்கும் சென்றாள். அவளுக்கும் கருவி உண்டு, முகமும் உண்டு, பெயர் இல்லை. எமிலியின் படத்தில் உழைப்பு மறைந்தது; இங்கே உழைப்பைத் தவிர யாவும் மறைந்தன. பெரட்டுக்குப் புறப்படுமுன் லயத்திலே தாலாட்டுக் கட்டியவளும், இழவு வீட்டில் ஒப்பாரிக்குப் புதிய அடி சேர்த்தவளும் அவளே. ஆக்கவிலக்கியம் செய்தவள் என்ற வகையில் அவளுக்கு உருவப்படம் இல்லை.

மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசையர் ஒரு விதிவிலக்கு. தோட்டங்களிற் பாடிய தமது பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என 1940இல் தம் பெயரிலேயே நூலாக்கினார். ஆயின் அவர் கல்வி கற்றவர். தொழிற்சங்கத் தலைவரின் துணைவியார். பத்திரிகைத் தொழிலும் அறிந்தவர். கொழுந்து பறித்தவளின் பாடல் அச்சேறியபோது, அட்டையில் இருந்தது தொகுத்தவரின் பெயர்.