நாள்பட்ட ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'இன்வெட்டரேட்' என்று ஒரு விசேஷணம் உண்டு. விட்டுத் தொலையாத பழக்கத்துக்கும், பகைக்கும், நோய்க்கும் முன்னால் அதைப் போடுவார்கள். லத்தீனில் 'பழையது' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. 'வெட்டரன்' அதற்குக் கூடப் பிறந்த சொல். ஆகையால் வெறும் பிடிவாதம் இதற்குப் போதாது; நாள்பட்டிருக்க வேண்டும். தமிழில் 'ஊறிப்போன' என்கிறோமே, அதுதான். காலையில் நறுக்கிய மாங்காயை மத்தியானம் ஊறுகாய் என்று இலையில் வைத்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கதை எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் பரிமாறுகிறார்கள். பாத்திரம் வாசற்படி ஏறும்போதே 'இன்வெட்டரேட் சூதாடி' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். இருபது வருஷத்துச் சீரழிவை ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. வாசகனுக்கு அதில் ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை.

டாஸ்டாயெவ்ஸ்கியின் 'சூதாடி'யைப் பாருங்கள். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவல் தராவிட்டால், அவர் எழுதுவதையெல்லாம் ஒன்பது வருஷம் பிரசுரகர்த்தர் இனாமாகவே அச்சிட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லி, 26 நாட்களில் முடித்தார். அத்தனை அவசரத்திலும் காலத்தை அவர் ஏமாற்றவில்லை.

அதில் ஒரு பாட்டி வருகிறாள். வயது எழுபத்தைந்து, நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். ரூலெட் மேஜையில் பூஜ்யத்தின் மேலேயே பணம் கட்டுவேன் என்று அடம் பிடிக்கிறாள். ஜெயிக்கிறாள். பிறகு ஜெயித்ததும் போகிறது, கொண்டுவந்ததும் போகிறது. என்ன வெறி! ஆனாலும் அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தாது. வெறிக்கு வயது சில நாட்கள்தாம். ஊருக்குத் திரும்பிவிடுகிறாள்.

கதை சொல்லும் அலெக்ஸியின் விஷயம் வேறு. கடைசி அத்தியாயம் ஒரு வருஷம் எட்டு மாதம் கழித்து வருகிறது. அதற்குள் கடனுக்காகச் சிறை இருந்தாயிற்று; பிறர் வீட்டில் ஊழியமும் பார்த்தாயிற்று. இப்போதும் நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அந்த 'நாளை'யைக் கேட்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அந்தக் கலக்கத்தை எந்த விசேஷணம் தரும்?

அன்னா பிறகு அவர் மனைவியானாள். அவளுடைய நகைகளும் அடகுக்குப் போயின. 1870-ல் யாராவது டாஸ்டாயெவ்ஸ்கியையே 'இன்வெட்டரேட்' என்றிருந்தால் மறுக்க முடிந்திராது. ஆனால் 1871-ல் வீஸ்பாடனில் தோற்றவர், அதற்குப் பிறகு ஆடவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் ஜெர்மனியில் சூதாட்ட மண்டபங்களையே மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.