பெருக்கல் குறிகளால் ஒரு பண்டிகை: கிராஸ் ஸ்டிச் கிறிஸ்துமஸை எப்படி ரசிப்பது?

டென்மார்க்கில் டிசம்பர் 24 இரவு. சாப்பாடு முடிந்ததும் கூடத்துக் கதவு திறக்கிறது. நடுவில் கிறிஸ்துமஸ் மரம். பல வீடுகளில் இன்றும் அதன் கிளைகளில் மின்விளக்கு எரிவதில்லை, மெழுகுவத்திதான் எரிகிறது. தாத்தா, பாட்டி முதல் நடை பழகும் குழந்தை வரை கைகோத்துப் பாடிக்கொண்டே மரத்தைச் சுற்றி வருகிறார்கள். எல்லார் கண்ணும் உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின்மேல். காலடியில், மரத்தின் அடியைச் சுற்றி விரித்த துணியை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த துணி அது.

குனிந்து அந்தத் துணியை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

அதில் இருக்கும் கிராஸ் ஸ்டிச் தையல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. தையல் வகுப்புக்காக மேட்டி துணியும் சிவப்பில் ஒரு கட்டு ஆங்கர் நூலும் வாங்கி, ஒரு ரோஜாவையோ அன்னத்தையோ தைத்து மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். டி.வி. பெட்டியும் சோபா முதுகும் போர்த்திக்கொண்டிருந்த உறைகளிலும் அதே தையல்தான். அந்த ஆங்கர், கோட்ஸ் என்ற பிரிட்டிஷ் நூல் நிறுவனத்தின் வணிகப் பெயர். மதுரையின் ஹார்வி மில் பின்னாளில் 'மதுரா கோட்ஸ்' ஆனதும் அதே நிறுவனத்தோடு சேர்ந்ததால்தான். டென்மார்க்கில் இந்த எளிய தையல், ஒரு பண்டிகையின் வீட்டு அலங்காரத்தையே தன்மேல் தாங்கி நிற்கிறது.

முதலில் எண்ணுங்கள்

தூரத்திலிருந்து பார்த்தால் கிராஸ் ஸ்டிச் ஒரு படம்போலத் தெரியும். அங்கேயே நின்றுவிடுபவர் "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நெருங்கிப் போனால்தான் படம் கலைந்து, சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாகப் பிரியும்.

மரபான முறையில் துணிமேல் ஒரு கோடுகூட வரைந்திருக்காது. பக்கத்தில் கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கும். அதைப் பார்த்து, துணியின் இழைகளை எண்ணி, ஊசியை இறக்க வேண்டும். புள்ளி வைத்துக் கோலம் போடுபவருக்கு இதன் சிரமம் உடனே புரியும்: நடுவில் ஒரு புள்ளி பிசகினால் ஓரத்தில் கோலம் கூடாது. நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பதும் இப்படி இழை எண்ணித்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாடு கிராஸ் ஸ்டிச் அல்ல. ஆனாலும் இரண்டும் எண்ணிக்கையில் பிறந்தவை.

ஒரு கணக்கு. கட்டம் கட்டமாக நெய்த '14 கவுண்ட்' ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். நான்கு அங்குலச் சதுரத்தை இடம் விடாமல் நிரப்பினால் 56 x 56, அதாவது 3,136 பெருக்கல் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் ஊசி இரண்டு முறை மேலே வந்து இரண்டு முறை கீழே போக வேண்டும். ஆக 12,544 முறை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு சதுரத்துக்கே இவ்வளவு.

27 குறிகளில் ஓர் இதயம்

டேனிஷ் கிறிஸ்துமஸ் மரத்தில் இதயம் இல்லாமல் இருக்காது. சிவப்பு, வெள்ளைத் தாள்களைப் பாய் முடைவதுபோல் பின்னிச் செய்யும் குட்டி இதயப் பைகள் அவை. இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது, சிறுவர் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் தன் கையால் செய்தது. அந்த இதயமே துணியிலும் வந்து உட்கார்ந்தது.

துணியில் அது எப்படி உருவாகிறது? ஏழு கட்ட அகலத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையில் ஒன்று விட்டு இரண்டு குறி, மறுபடி ஒன்று விட்டு இரண்டு குறி, கடைசிக் கட்டம் காலி. இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் ஏழும் நிரம்பும். நான்காவதில் நடுவே ஐந்து, ஐந்தாவதில் மூன்று, ஆறாவதில் ஒன்றே ஒன்று. மொத்தம் 27. 14 கவுண்ட் துணியில் இதன் அகலம் சரியாக அரை அங்குலம். அருகில் பார்த்தால் படிக்கட்டு. கையை நீட்டிப் பிடித்தால் இதயம்.

ரசிப்பதற்கான முதல் சாவி இங்கேதான் இருக்கிறது. ஓவியர் ஒரே இழுப்பில் போடும் வளைவைத் தைப்பவர் படிப்படியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஆகவே ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது, அதில் வளைவுகள் எங்கே, அவற்றை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். ஒரு முகத்தின் கன்னம், மணியின் விளிம்பு, பறவையின் கழுத்து ஆகியவைதான் பரீட்சை வைக்கும் இடங்கள். ஊசியிலை மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் கிளைகளே படிக்கட்டுதான். எண்முனை நட்சத்திரத்துக்கும் இல்லை. நேர்க்கோடும் மூலைக்கோடும் போதும். கிறிஸ்துமஸ் உருவங்கள் இந்தத் தையலுக்கு இவ்வளவு பொருந்திப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனிச்செதில்தான் வேடிக்கை. இயற்கையில் அதற்கு ஆறு கைகள். சதுரக் கட்டத்தில் ஆறு கைகளைச் சமமாக விரிக்க முடியாது. அதனால் கிராஸ் ஸ்டிச் பனிச்செதில்கள் பெரும்பாலும் எட்டுக் கைகளோடு பிறக்கின்றன. அறிவியல்படி தவறு, துணியின் சட்டப்படி சரி.

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள்

ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் ஒரு கால் அடியில், ஒரு கால் மேலே. நல்ல வேலையில் மேல்கால்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். இழை பளபளப்பானது, சாயும் திசையைப் பொறுத்து ஒளியைத் திருப்பும். நூறு குறிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மாறிச் சாய்ந்தால், நிறம் அதுவே என்றாலும் அந்த இடம் மங்கலாகத் தனித்துத் தெரியும். நேர் வெளிச்சத்தில் இது தப்பித்துவிடும். ஜன்னல் ஓரமாகவோ மேசை விளக்குக்குப் பக்கவாட்டிலோ பிடித்தால் சிக்கிவிடும்.

டிசம்பரில் கோபன்ஹேகனுக்குக் கிடைக்கும் பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் விளக்கும் மெழுகுவத்தியும். சுடர் தாழ்வாக எரிவதால் ஒளி துணிமேல் சரிந்து விழுகிறது. ஒவ்வொரு குறிக்கும் அடியில் நூலளவு நிழல் தங்குகிறது. டேனிஷ் வீட்டு கிராஸ் ஸ்டிச் தன் முழு அழகையும் காட்டுவது அந்த வெளிச்சத்தில்தான்.

அசலையும் நகலையும் பிரிக்கவும் இந்தச் சோதனை உதவும். கிராஸ் ஸ்டிச் போலவே அச்சடித்த மேசை விரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அச்சுக்கு நிழல் விழாது. விரலால் தடவினாலும் வழுவழுவென்றே இருக்கும்.

ஏன் இவ்வளவு சிவப்பு?

சிவப்பும் வெள்ளையும் டென்மார்க்கின் கொடி நிறங்கள். காகிதக் கொடிகளைக் கயிற்றில் கோத்து மரத்தில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. ஆனால் துணியில் சிவப்பு வந்த கதை சலவைத் தொட்டியிலிருந்து தொடங்குகிறது.

ஐரோப்பிய வீடுகளில் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாவற்றிலும் உரியவரின் முதலெழுத்தையும் எண்ணையும் சின்னதாக கிராஸ் ஸ்டிச்சில் தைத்து வைப்பார்கள். நம் ஊரில் சலவைக்குப் போகும் துணியில் இடும் குறி போன்றது அது. லினன் துணியைக் கொதிக்க வைத்து வெளுப்பார்கள் என்பதால், கொதித்தாலும் சாயம் போகாத நூல் வேண்டும். மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த 'துருக்கிச் சிவப்பு' அந்தச் சோதனையில் தேறியது. சிறுமிகள் அகர வரிசையையும் எண்களையும் ஒரு துணியில் தைத்துப் பழகியது இந்த வேலைக்காகவும்தான். அத்தகைய மாதிரித் துணிகளில், பிரிட்டனில் தேதியிட்ட மிகப் பழையது ஜேன் போஸ்டாக் 1598இல் தைத்தது. அது இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்புக் குறியிட்டுப் பழகிய கைகளுக்கு, கிறிஸ்துமஸ் இதயங்களும் நட்சத்திரங்களும் அந்நியமாக இருந்திருக்காது.

மூன்று பொருள்கள், மூன்று பார்வைகள்

முதலாவது, தொடக்கத்தில் பார்த்த மர விரிப்பு. சொட்டும் மெழுகிலிருந்தும் உதிரும் ஊசியிலைகளிலிருந்தும் தரையைக் காப்பது அதன் வேலை. சுற்றி வந்து பார்ப்பதற்கான பொருள் என்பதால் அதற்கு மேல், கீழ் என்று கிடையாது. உருவங்கள் விளிம்பில் கால் ஊன்றி, மரத்தை நோக்கித் தலை வைத்து வட்டமாக நிற்கும். எந்தப் பக்கம் நின்றாலும் ஒருவராவது நேராக நிற்பார். அங்கங்கே மெழுகுக் கறை தெரிந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த விரிப்பு பெட்டியில் தூங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, பரிசு நாள்காட்டி. நீளமான துணியில் ஒரு காட்சி, அதில் 1 முதல் 24 வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே சின்ன வளையம். வளையத்துக்கு ஒன்றாக 24 பொட்டலங்களைக் கட்டி வைப்பார்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து குழந்தை நாளொன்றுக்கு ஒன்றை அவிழ்க்கும். இதில் கவனிக்க வேண்டியது, முதல் தேதி பொட்டலங்களுக்குப் பின்னே மறைந்திருக்கும் படம் நாளாக ஆகத் தெரியவருவது. காலி வளையங்களும் முழுப்படமுமாக 24ஆம் தேதி வந்து சேரும்.

மூன்றாவது, மணிப்பட்டை. ஒரு காலத்தில் அது வேலையாளை அழைக்க மணியோடு சேர்த்துத் தொங்கவிட்ட, இழுக்கும் பட்டையாக இருந்தது. மணியும் போய், வேலையாளும் போன பிறகு, இரண்டு முனையிலும் பித்தளைப் பிடிகளோடு பட்டை மட்டும் சுவரில் தங்கிவிட்டது. ஒடுக்கமான அந்த நீளத்தில் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கீழிருந்து மேலாக, படி ஏறுவதுபோல் பார்க்கலாம்.

மூன்றிலும் தலைகாட்டும் ஒரு சின்ன ஆசாமியைத் தவற விடக்கூடாது. அவர் பெயர் நிஸ்ஸே. சாம்பல் நிற உடை, சிவப்புக் குல்லாய், குறும்பு முகம். பண்ணை வீட்டின் காவல் குட்டிச்சாத்தான் போன்றவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்குக் கஞ்சி வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. துணியில் அவர் பெரும்பாலும் கஞ்சிக் கிண்ணத்தோடுதான் இருப்பார்; பக்கத்தில் ஒரு பூனையும் பங்குக்குக் காத்திருக்கும்.

பளபளப்பா, மங்கலா?

உலகம் முழுக்கப் புழங்கும் எம்ப்ராய்டரி நூல் ஆறு இழை கொண்டது, பட்டுபோல் மினுங்குவது. பிரான்சின் முலூஸ் நகரில் 1746இல் தொடங்கிய டி.எம்.சி. நிறுவனம் இதை ஏறத்தாழ 500 நிறங்களில் தருகிறது. டேனிஷ் மரபுக்கோ சொந்தமாக இன்னொரு நூல் உண்டு: 'பூ நூல்' எனப்படும், மினுக்கம் இல்லாத ஒற்றை இழைப் பருத்தி. 1928இல் தொடங்கிய கைவேலை வளர்ச்சிச் சங்கமான ஹோன்ட்அர்பைடெட்ஸ் ஃப்ரெம்மே இந்தப் பாணியை வளர்த்தது. அதன் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கெர்டா பெங்ட்சன் (1900–1995) காட்டுச் செடிகளையும் பூக்களையும் லினன் துணியில் கட்டம் கட்டமாக வரைந்தார். பின்னணியை நிரப்பாமல் வெறும் துணியாகவே விட்டுவிடுவது இந்தப் பாணியின் அடையாளம். 2024 வரை டென்மார்க்கை ஆண்ட ராணி இரண்டாம் மார்கரெத்தேயும் எம்ப்ராய்டரி வடிவங்கள் வரைந்தவர்.

மினுங்கும் நூல் அலங்காரத்துக்கு ஏற்றது, மங்கிய நூல் இலைக்கும் பழத்துக்கும் ஏற்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எங்கே பேசும் என்று கண்ணுக்கே பிடிபட்டுவிடும்.

பழைய வீடுகளின் கிறிஸ்துமஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் ஓர்ஹூஸ் நகரின் 'டென் கம்லே பூ' திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பருவத்தில், வெவ்வேறு நூற்றாண்டுகளின் அறைகளை அந்தந்தக் காலத்து வழக்கப்படி அலங்கரித்து வைக்கிறார்கள். போக முடியாதவர்களுக்கு ஒரு முழம் மேட்டி துணி, ஒரு மழுங்கிய ஊசி, சிவப்பு நூல் போதும். அந்த 27 குறி இதயத்தைத் தைத்து முடிப்பதற்குள், மர விரிப்பு என்றால் எவ்வளவு உழைப்பு என்று விரல் சொல்லிவிடும்.

பின்பக்கம்

கடைசியாகப் பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. ஒரு வரிசை முழுக்க அரைக் குறிகளாகச் சாய்த்துக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறுகாலைப் போட்டு மூடுவதற்கு 'டேனிஷ் முறை' என்றே பெயர். அப்படித் தைத்தால் பின்பக்கத்தில் சின்னச் சின்ன நேர்க்கோடுகள் சீராக நிற்கும். ஒவ்வொரு குறியையும் அங்கேயே முடித்துவிட்டு நகர்வது ஆங்கில முறை. எங்கே நூல் மாற்றினார், எங்கே பிசகிப் பிரித்தார், எந்த இடத்தில் அலுத்துப்போய் நீளமாகத் தாண்டினார் என்பதெல்லாம் பின்னால்தான் எழுதியிருக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டில், அவர் தைத்ததை அவரைக் கேட்காமல் புரட்டிப் பார்க்காதீர்கள். முன்பக்கத்தில் மேல்கால்களின் சாய்வையும், மூலையில் சின்னதாகத் தைத்த பெயரெழுத்தையும் ஆண்டையும் கவனித்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே திருப்பிக் காட்டுவார்.