மணியார்டர் கூப்பனும் சிறை இலக்கியமும்

தமிழில் சிறை இலக்கியம் என்று தனியாக ஒரு வகை உண்டு. ராஜாஜி 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போய் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதை இருக்கிறது. கம்யூனிஸ்டுகளின் தூக்குக் கொட்டடி அனுபவமாக சி.ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்' இருக்கிறது. நக்சல்பாரி இயக்கத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, பின் ஆயுள் கைதியாக இருந்த தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்' இருக்கிறது. ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இருக்கிறது. ஒவ்வொன்றும் அதனதன் அளவில் முக்கியமானது. தியாகு தன்னோடு கிடந்த சாதாரணக் கைதிகளின் கதைகளை எழுதினார் என்பதும், கூலிவேலைக்குப் போன இடத்தில் பிடிபட்ட பையன்களின் பாட்டைச் சந்திரகுமார் எழுதினார் என்பதும் சின்ன விஷயமில்லை.

ஆனாலும் இந்த வரிசை முழுவதையும் பார்த்து எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. உள்ளே இருந்தவருக்குக் காசு யார் அனுப்பினார்கள்? அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

சிறை என்றால் தியாகம், கொடுமை, எதிர்ப்பு, தனிமை. அதில் சோப்புக் காசைப் பற்றி என்ன பேச்சு என்று இலக்கியவாதிகள் கேட்பார்கள். எங்கள் தெருவில் போலீஸ் வேன் வந்து ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போன மறுநாள் காலையில் தியாகம் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. "கையில எதனா காசு வச்சிருந்தானா?" இதுதான் முதல் பேச்சு. சிறையைப் பற்றிய சேரியின் முதல் வாக்கியமே இதுதான். அது ஏன் நம் எழுத்தில் முதல் வாக்கியமாக இல்லை என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

காசும் சாதியும் சிறைக்குள் சேர்ந்தே போயின. லாகூர்ச் சிறையில் உண்ணாவிரதம் இருந்து ஜதீன் தாஸ் 1929இல் செத்த பிறகு, 1930இல் வெள்ளைக்கார அரசாங்கம் கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தது. எதை வைத்துப் பிரித்தது? சமூக அந்தஸ்து, படிப்பு, பழகிய வாழ்க்கை முறை. சாதி என்ற சொல்லை எழுதாமலேயே சாதியை எழுதிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவனுக்கு உள்ளேயும் நாற்காலி, தரையில் உட்கார்ந்து பழகியவனுக்கு உள்ளேயும் தரை. 1930க்குப் பிறகு வந்த தலைவர்களின் சிறைக் குறிப்புகளைப் படிக்கும்போது அவர் எந்த வகுப்பில் இருந்தார் என்று முதலில் பார்த்துக்கொள்வது என் பழக்கம். அந்தப் பக்கங்களில் காசு ஏன் வரவில்லை என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பெரிய மனிதர்களுக்கும் காசுக் கஷ்டம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. செக்கிழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வறுமைதான் காத்திருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் கொடுத்த பணம் காந்தி மூலமாக 1916இல்தான் அவர் கைக்கு வந்தது. ரூபாய் 347, அணா 12. இந்த அணாக்கணக்கு வரைக்கும் இன்று நமக்குத் தெரியும். கடிதங்கள் இருக்கின்றன, ஆராய்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். தலைவருக்கு வந்த காசு வரலாறாகிவிட்டது. ஆனால் நடவுக் கூலியில் மிச்சம் பிடித்து ஒருத்தி தன் மகனுக்கு அனுப்பிய 100 ரூபாய் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது?

அந்த 100 ரூபாயை எனக்குத் தெரியும். 1996இல் தேர் தகராறு ஒன்றில் எங்கள் தெருவில் பிடிபட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர். ஒரு மத்திய சிறையில் பத்து மாசம் விசாரணைக் கைதியாகக் கிடந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மணியார்டர் பாரம் எழுதும் வேலை எனக்கு. 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன். மனு பார்க்கப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியும் போய்விடும். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தால் தபாலில் அனுப்புவதே மேல் என்று அம்மா முடிவு செய்தது. பாரத்தின் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு இருக்கும். சேதி எழுத நாலு விரல் அகல இடம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

"நாங்க நல்லாருக்கோம். ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. வேளைக்குச் சாப்புடு. உங்கப்பன் வுட்ட வேலைய நீ எடுக்காத."

மாசா மாசம் ஆட்டுச் சேதி மாறும். கடைசி வரி மாறாது.

விமரிசகர்கள் ஒரு பிரதியை வரி வரியாகப் பிரித்துப் படிக்கிறார்களே, அப்படி இந்த வரியைப் படித்துப் பார்க்கலாம். கைதிக்கு வரும் சேதியைச் சிறை ஆபீசில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அது அம்மாவுக்குத் தெரியும். படிக்கிறவனுக்கு அந்த வரியில் ஒன்றும் தெரியாது. ஏதோ குடும்ப விஷயம் என்று முத்திரை போட்டு அனுப்பிவிடுவான். எங்கள் அப்பா ஊர் வேலையை விட்டவர். செத்த மாடு தூக்குவது, ஊர் கூட்டுவது, குழி வெட்டுவது எல்லாவற்றையும் "இனிமே முடியாது" என்று சொல்லிவிட்டு, அதற்காக வாங்க வேண்டியதையும் வாங்கிக்கொண்டவர். உள்ளே போன மகனிடம் துடைப்பத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள் என்று சிறையையே பார்க்காத அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? ஊரைத் தெரிந்தவளுக்குச் சிறையைத் தெரியும். இரண்டையும் கட்டியவன் ஒருவன்தான்.

அண்ணன் வெளியே வந்து சொன்னது இது: "புது ஆளுன்னா மொதல்ல ஊரு பேரு கேப்பாங்க. அப்புறம் தெரு பேரு. அதுக்கப்புறம் கக்கூஸ் பக்கத்துல யாரு படுக்கிறது, வாளிய யாரு எடுக்கிறதுன்னு யாரும் சொல்ல வேணாம், தானா முடிவாயிடும். கையில பீடிக்கட்டு இருந்தா 'நான் எடுக்க மாட்டேன்'னு சொல்லலாம். இல்லன்னா சொல்ல முடியாது." உள்ளே பீடிதான் நாணயம். அந்த 100 ரூபாய் சோப்பாகவும் எண்ணெயாகவும் பீடியாகவும் மாறியது. ஆனால் அம்மா உண்மையில் வாங்கி அனுப்பியது, "மாட்டேன்" என்று சொல்லும் உரிமையை. மாசம் 100 ரூபாய், கமிஷன் தனி.

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "நான் எடுக்கலன்னா வாளி அங்கேயே இருக்குமா? ஒரு இருளர் பையன் எடுத்தான். அவனுக்கு யாரும் காசு போடல. போடறதுக்கு ஆளும் இல்ல." அவனுக்கு அண்ணன் சோப்பும் பீடியும் கொடுத்திருக்கிறார். அதைச் செய்யவும் பயந்து பயந்துதான் செய்ய வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1894இல் போட்ட சிறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தீர்ப்பாகாத கைதி வெளியிலிருந்து சாப்பாடு, துணி, படுக்கை வாங்கிக்கொள்ளலாம் என்றது. அடுத்த 32ஆம் பிரிவு, அப்படி வந்ததில் எதையும் இன்னொரு கைதிக்குக் கொடுக்கவோ வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது என்றது. இருப்பவன் வைத்துக்கொள்ளலாம், இல்லாதவனுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டு பிரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபோது, மனுதர்மத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை என்று பட்டது.

ஆகவே காசு அனுப்புவதைப் பற்றி நாம் எழுதினால் அம்மாவின் அன்பு என்று கண்ணீரோடு நிறுத்திவிட முடியாது. அந்தக் காசு ஒருவனைக் காப்பாற்றியது. துடைப்பத்தை இன்னும் கீழே இருந்தவனிடம் தள்ளியது. அது தற்காப்பு, விடுதலை இல்லை. இந்தச் சிக்கலைப் பேசாத தலித் எழுத்து பாதி எழுத்துதான்.

சட்டம் இப்போது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சாதிப்படி வேலை பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்றது. கைதிகளின் பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனியாக அடைத்தது அந்த வழக்கில் பேசப்பட்டது. சண்டை வராமல் தடுக்க அப்படிச் செய்வதாகச் சொன்ன காரணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்ல தீர்ப்பு. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பதிவேட்டில் கட்டம் தேவையில்லை. கட்டத்தை அழித்துவிடலாம், கேட்கிற வாயை எப்படி அழிப்பது? பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. யாருக்குக் காசு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற இன்னொரு பதிவேடு திறந்தேதான் இருக்கிறது.

இதில் விசாரணைக் கைதியின் நிலைமைதான் மோசம். தண்டனைக் கைதி உழைத்தால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணைக் கைதியைக் கட்டாய வேலைக்குப் போட முடியாது, அதனால் அந்தக் கூலியும் அவனுக்கு இல்லை. வீட்டிலிருந்து வந்தால்தான் காசு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலே உள்ளே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எத்தனை வீட்டில் ஆடு விற்றார்கள், எத்தனை கம்மல் அடகுக் கடைக்குப் போனது என்று எந்தக் காப்பகமும் கணக்கெடுப்பதில்லை. தண்டனை என்று நாம் சொல்வதில் பாதி, வெளியே இருக்கிற பொம்பளைகள் கட்டுகிற அபராதம்.

ஜாமீனும் காசுதான். அண்ணனுக்கு ஏழாவது மாசமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் பட்டா இல்லை. ஊர்க்காரன் எவன் போடுவான்? ஜாமீன் கிடைத்த பிறகும் மூன்று மாசம் உள்ளே இருந்தார். இது ஒன்றும் புதுசு இல்லை. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதும், அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்ததும் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதினார். சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையிலும், அபராதமாக 25,000 ரூபாய் வரையிலும் அரசே கட்டும் என்று ஒன்றிய அரசு 2023இல் ஒரு திட்டம் போட்டது. இயக்கத் தோழர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் எதுவும் சேரிக்கு வந்ததில்லை.

மறுபடியும் இலக்கியத்துக்கு வருகிறேன். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்தார்கள். எரித்ததாகத் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதே ஊர்ச் சம்பவத்தில் பக்கிரிசாமி கொலை வழக்கில் கூலி விவசாயிகள் தண்டனை பெற்று உள்ளே போனார்கள். அந்த ஊரை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. பண்ணையாரின் ஆண்மைக் குறையை ஆராய அந்த நாவலில் இடம் கிடைத்தது. உள்ளே போன கூலிக்காரனின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பார்க்க இடம் கிடைக்கவில்லை. நாவல் நெருப்போடு முடிந்துவிடுகிறது. சேரியின் செலவுக் கணக்கு நெருப்புக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்து ஒரு கதவைத் திறந்தது. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் வந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு பெண்கள் மட்டும் இருந்த தெருவை அது காட்டியது. ஒளிந்திருந்த தகப்பனுக்குச் சேலை கட்டி, பொம்பளை போலக் கூட்டி வந்து, செத்த மகனின் முகத்தைப் பார்க்க வைத்த பெண்களைக் காட்டியது. சிறைக்கு வெளியே நடக்கிற சிறை வாழ்க்கை அது. அந்தக் கதவு வழியாக நம் எழுத்து இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க வேண்டும். நம் பத்திரிகைகளிலும் சிறை பற்றிக் கலகக் கவிதைகள்தான் அதிகம். விலங்கு உடைகிறது, சுவர் இடிகிறது. இடியட்டும். அதுவரைக்கும் சோப்புக்குக் காசு யார் போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்.

1880இல் ஆரம்பித்த மணியார்டர், பழைய காகிதப் பாரமாக 2015இல் நின்றுபோனது. கணினி வழியில் வந்த மணியார்டரில், அச்சடித்து வைத்த வாசகங்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் "உங்கப்பன் வுட்ட வேலைய நீ எடுக்காத" என்பதற்கு எண் கிடையாது. இன்னும் எத்தனையோ வீட்டில் பழைய கூப்பன்கள் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டோடும் அடகுச் சீட்டோடும் கிடக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் முதலில் தங்கள் தெருவிலிருந்து தொடங்கலாம். கூப்பனில் என்ன எழுதச் சொன்னாய், காசை எங்கே புரட்டினாய், யாருக்கு அனுப்ப முடியாமல் போனது என்று அம்மாக்களிடமும் ஆயாக்களிடமும் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அந்த இருளர் பையனின் தெருவுக்கும் போய்க் கேளுங்கள்.