மொய்க்கு மொய்: ஆப் சோதனைக் குழுக்கள் எதற்கு உதவும்?

தனி ஆளாக உட்கார்ந்து ஓர் ஆண்ட்ராய்டு ஆப்பை எழுதி முடித்தவருக்கு, 2023 நவம்பர் வரை ப்ளே ஸ்டோரின் கதவு அநேகமாகத் திறந்தேதான் இருந்தது. ஒருமுறை கட்டும் 25 டாலர், சில படிவங்கள், கூகுளின் பரிசீலனை, அவ்வளவுதான். அந்த மாதம் 13-ஆம் தேதிக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு ஒரு புது நிபந்தனை வந்தது. ஆப்பைப் பொதுவில் விட அனுமதி கேட்பதற்கு முன், குறைந்தது 20 பேர் (பின்னர் இது 12 ஆனது) அதன் மூடிய சோதனையில் சேர்ந்து, தொடர்ந்து 14 நாள் விலகாமல் இருக்க வேண்டும். நிறுவனக் கணக்குகளுக்கு இந்த விதி கிடையாது.

20 என்பது கேட்பதற்குச் சின்ன எண்தான். தேடப் போனால் தெரியும். வீட்டில் பாதிப்பேரிடம் ஐபோன். நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினால் "பார்க்கிறேன்டா" என்பார்கள், பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும், அவர்களுடைய ஜிமெயில் முகவரியை வாங்கிப் பட்டியலில் ஏற்றி, லிங்கைத் திறந்து சோதனையில் சேரச் சொல்லி, ஆப்பை இறக்க வைத்து, இரண்டு வாரம் அதை நீக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெடிட்டிலும் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பரிமாற்றக் குழுக்கள் பெருகியது இந்தச் சிரமத்தால்தான். உன் ஆப்பை நான் சோதிக்கிறேன், என் ஆப்பை நீ சோதி. மொய் நோட்டின் கணக்கேதான்: வைத்தவருக்குத் திருப்பி வைக்க வேண்டும், வைக்காமல் நழுவியவரின் பெயர் கூட்டத்தில் அடிபடும்.

தனி டெவலப்பர்களுக்கான பின்னூட்டக் குழு ஒன்றைத் தொடங்கி வளர்க்க நினைக்கிற எவரும் முதலில் எட்டிப் பார்ப்பது இந்த மாதிரியைத்தான். வேகமாக வளரும், ஆள் தானாக வந்து சேரும், செலவில்லை. அந்த வளர்ச்சியால் ஆப்புக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைத்தான் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

இப்படி ஒரு குழுவில் வரும் பதிவு எப்படி இருக்கும்? ஆப்பின் பெயர், குழுவில் சேர ஒரு லிங்க், சோதனையில் சேர இன்னொரு லிங்க், "ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், உடனே திருப்பிச் செய்கிறேன்" என்று ஒரு வரி. கீழே பதில்கள் வரிசையாக விழும்: "முடிந்தது. என்னுடையதையும் செய்யுங்கள்." பின்னூட்டம் கேட்டால் "நல்ல ஆப், யூஐ சுத்தமாக இருக்கிறது" என்று வரும். சோதிப்பவர் தினம் ஒருமுறை ஆப்பைத் திறந்து மூடுவார். சிலர் அதற்கும் அலாரம் வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் யாரையும் நேர்மையற்றவர் என்று சொல்ல முடியாது. ஏற்பாடே அப்படி. குறை சொன்னால் எதிராளி முகம் சுளித்து என் சோதனையிலிருந்து விலகிவிடலாம், என் 14 நாள் கணக்கு குலையலாம். பாராட்டினால் நஷ்டமில்லை. என்னிடமிருந்து அவருக்கு வேண்டியது என் ஜிமெயில் முகவரி, என் கருத்தல்ல. எனக்கும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் தேவைப்படாத ஒன்றை இரண்டு பேரும் நன்றாகச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

கூகுளுக்கும் இது தெரியும். பொதுவில் விட அனுமதி கேட்கும் படிவத்தில், சோதித்தவர்களைத் திரட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது, அவர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன பின்னூட்டம் வந்தது, அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். சரியான கேள்விகள்தாம். ஆனால், மாற்றுவதற்கு ஒன்றும் சொல்லப்படாத ஆப்பை வைத்திருப்பவர் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவார்? கதை எழுதுவார். 2024 டிசம்பரில் கூகுள் அந்த 20-ஐ 12 ஆகக் குறைத்தது. எண்ணிக்கை சோதனையின் தரத்தை உயர்த்தியிருந்தால் அதைக் குறைத்திருக்க மாட்டார்கள் என்பது என் வாசிப்பு.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். மொய்ச் சோதனையிலும் ஆப் நிஜமான போன்களில் ஓடுகிறது. பழைய ஆண்ட்ராய்டு, குறைந்த ராம், விதவிதமான திரை அளவுகள். அங்கே எங்கேயாவது ஆப் முடங்கினால், சோதிப்பவர் வாயே திறக்காவிட்டாலும் அந்தத் தகவல் டெவலப்பரின் கன்சோலுக்கு வந்துவிட வாய்ப்புண்டு. இது சின்ன லாபம் இல்லை. அதோடு, ஊரில் தன்னைப் போல் ஆப் எழுதும் ஒருவரையும் அறியாத ஆளுக்கு இந்தக் குழு ஒரு துணை. ஆனால் முதல் லாபத்துக்கு மனிதர் தேவைப்படுவது குறைவு. கூகுளே சோதனைப் பதிப்புகளைப் பல சாதனங்களில் தானாக ஓட்டிப் பார்த்து ஓர் அறிக்கை தருகிறது. இரண்டாவது லாபம் பின்னூட்டத்தில் சேராது.

மனிதர் தேவைப்படும் இடம் வேறு. வரவு செலவு எழுதும் ஆப் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். "யூஐயை இன்னும் மேம்படுத்தலாம்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் எழுதுகிறார்: "புதுச் செலவைச் சேர்க்கும் திரையில் தொகையை அடித்ததும் கீபோர்டு ‘சேமி’ பட்டனை மறைத்துவிடுகிறது. கீபோர்டை மூட பேக் அழுத்தினால் முழுத் திரையும் மூடி, அடித்த தொகை போய்விடுகிறது. என் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறேன், அதனால் இருக்கலாம்." இரண்டாமவர் அந்த ஆப்பில் நிஜமாகவே ஒரு செலவை எழுத முயன்றிருக்கிறார். வேலை நடக்கவில்லை, அதனால் சொல்கிறார். இப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வேண்டியதில்லை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பயன்பாட்டுக் குறைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அந்தக் கணக்கைப் பற்றித் துறைக்குள் சச்சரவு உண்டு. சிக்கலான ஆப்புகளுக்கு ஐந்து போதாது என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து பேரும் ஆப் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களாக இருக்க வேண்டும், உண்மையான வேலை ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பதில் சச்சரவே இல்லை. மொய்க் குழு தவறுவது இந்த இரண்டிலும்தான்.

அடுத்த மாதிரி, மேடை: புது ஆப்புகளைக் காட்டி ஓட்டு வாங்கும் தளம். ரயன் ஹூவர் 2013-ல் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய ப்ராடக்ட் ஹன்ட் இதன் உச்சம். 2016-ல் ஏஞ்சல்லிஸ்ட் அதை வாங்கியது. அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு தாண்டியதும் அன்றைய பந்தயம் தொடங்கும். நமக்கு அது பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. சாப்பாட்டு நேரத்தில் ஆப்பை ஏற்றிவிட்டு மறுநாள் மதியம்வரை ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓட்டுக் கேட்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது, கேட்காதவர் குறைவு. கீழே வரும் கருத்துகளில் வாழ்த்துகளே மிகுதி. விளம்பரத்துக்கு நல்ல இடம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது மாதிரிதான் கவனமாக எடைபோட வேண்டியது. 2007-ல் பால் கிரஹாம் தொடங்கிய விவாதத் தளமான ஹேக்கர் நியூஸில், தான் செய்ததைக் காட்டுவதற்கென்று ‘ஷோ ஹெச்என்’ என்ற பிரிவு உண்டு. அதன் விதிகள் கறாரானவை. மற்றவர்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். முகவரி வாங்கி வைக்கும் முன்பதிவுப் பக்கம் செல்லாது. நண்பர்களைக் கூட்டி ஓட்டுப் போடச் சொல்லக் கூடாது. இங்கே திருப்பிச் செய்யும் கடன் யாருக்கும் கிடையாது. கருத்துச் சொல்பவருக்கு உங்களிடமிருந்து ஆக வேண்டியது எதுவுமில்லை. அதனாலேயே கருத்தில் கூர்மை இருக்கிறது, சில சமயம் குரூரமும்.

அந்தக் கூர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. 2007 ஏப்ரலில் ட்ரூ ஹூஸ்டன், கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தன் டிராப்பாக்ஸை ஹேக்கர் நியூஸில் காட்டினார். ஒருவர் பதில் எழுதினார்: லினக்ஸ் வைத்திருப்பவர் ஒரு எஃப்டிபி கணக்கையும் இருக்கிற சில கருவிகளையும் சேர்த்து இதைத் தானே கட்டிக்கொள்ள முடியுமே. டிராப்பாக்ஸ் வளர்ந்து 2018-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. அந்தப் பதில் இன்றுவரை இணையத்தில் கேலிப் பொருள். என் கணக்கில் அந்தக் கேலி அநியாயம். முழு உரையாடலையும் படித்தால், அவர் மரியாதையாகக் கேட்டதும், ஹூஸ்டன் விளக்கியதும், அவர் சமாதானம் அடைந்து வாழ்த்தியதும் தெரியும். ஒரு டெவலப்பர் இன்னொரு டெவலப்பருக்குத் தரக்கூடிய நேர்மையான பின்னூட்டம் அது. "எனக்கு இது வேண்டாம், நானே செய்துகொள்வேன்" என்பது அவரளவில் உண்மை. பிழை அவரிடம் இல்லை. எஃப்டிபி என்றால் என்னவென்றே தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்காகச் சாட்சி சொல்ல அவரை நிறுத்தியதில்தான் பிழை.

சரி, எழுத்தாளர்கள் மட்டும் ஒருவர் கதையை ஒருவர் படித்துத் திருத்திக்கொள்கிறார்களே? கிரிட்டர்ஸ் போன்ற இணையப் பட்டறைகள் 1990-களிலிருந்தே அப்படி நடக்கின்றன. மற்றவர் கதைகளுக்கு விமர்சனம் எழுதினால்தான் உங்கள் கதைக்கும் கிடைக்கும். அங்கே கைமாற்று பலிப்பதற்குக் காரணம், கதை எழுதுபவர் கதை வாசிப்பவரும்கூட. அவர் சலித்தால் வாசகரும் சலிக்கக்கூடும். சர்க்கரை அளவைக் குறித்து வைக்கும் ஆப்பை எழுதியவருக்கு, டார்ச் லைட் ஆப் எழுதிய இளைஞர் அப்படிப்பட்ட வாசகர் இல்லை. அவர் பட்டனின் நிறத்தைப் பற்றிப் பேசுவார். காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட பின் ஒருமுறை என்று இரண்டு அளவைப் பிரித்து எழுத இடமில்லாதது அவர் கண்ணில் படாது.

தேவை எங்கே வெளிப்படுகிறது என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2010-ல் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஸென்டெஸ்க் தன் கட்டணத்தை உயர்த்தியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தச் செய்தியைப் பற்றிய ஹேக்கர் நியூஸ் உரையாடலில், நியாயமான விலையில் ஒருவர் வந்தால் இது நல்ல சந்தை என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்போது சென்னையில் ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் அதைப் படித்தார், வேலையை விட்டார், ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அந்தக் கருத்தை எழுதியவர் கிரீஷுக்குப் பின்னூட்டம் தரவில்லை, கிரீஷிடம் அப்போது காட்டுவதற்கு ஆப்பே இல்லை. காசு கொடுத்துப் பயன்படுத்தியவர்களின் எரிச்சல் அங்கே எழுதப்பட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்க எந்தக் குழுவாலும் முடிந்திருக்காது.

கேட்டு வாங்கும் வழியும் இல்லாமல் இல்லை. சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் ஆப்பைத் தொடங்கிய ராகுல் வோரா, சந்தைப்படுத்தல் நிபுணர் ஷான் எல்லிஸின் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: நாளையிலிருந்து இந்த ஆப் இல்லையென்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மிகவும் ஏமாற்றமாக இருக்கும் என்பவர்கள் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பது அளவுகோல். முதலில் 22 சதவீதம்தான் வந்தது. அவர் கூட்டத்தைப் பெருக்கவில்லை, சுருக்கினார். ஆப்பை விரும்பியவர்கள் யார், எதற்காக விரும்பினார்கள் என்று பார்த்தார். அரைமனதாக இருந்தவர்களில், அதே காரணத்துக்காக வந்தவர்களின் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவர்களுடையதை மரியாதையாக ஒதுக்கினார். பின்னால் அந்த எண் 58-க்குப் போனது. அவர் முதலீட்டாளர் பணம் உள்ள நிறுவனக்காரர், தனி டெவலப்பர் இல்லை, என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் தேவையில்லை, ஆப்பை உண்மையாகவே பயன்படுத்தும் சிலர் இருந்தால் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். டெவலப்பர்கள் மட்டும் நிறைந்த குழு, பழுது கண்டுபிடிக்கவும் தொழில்நுட்பக் குறை சொல்லவும் தகுதியானது. இந்த ஆப் யாருக்காவது வேண்டுமா என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை. கைமாற்றில் ஓடும் குழு முதல் வேலையையும் பாதிதான் செய்யும். கூகுளின் விதியைத் தாண்டுவதற்காக அதில் சேர்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். தாண்டிவிட்டு "சோதித்தாயிற்று" என்று நம்பினால்தான் குறை.

இப்படிப்பட்ட குழுக்களை வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கையிலெடுப்பது புள்ளிகள்: ஒரு கருத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை வார்த்தைக்குக் குறையாமல். அந்தக் கணமே வார்த்தைகள் வரத் தொடங்கும், இப்போது அவற்றை ஏஐ எழுதிக் கொடுத்துவிடும். புள்ளி தந்தே ஆக வேண்டுமென்றால், கருத்தைப் பெற்றவர் அதனால் ஆப்பில் எதையாவது மாற்றிய பிறகு, மாற்றியதைக் காட்டி, அவர் கையால் தரட்டும். ஒரு வாரத்தில் மேசைக்கு வரும் ஆப்புகளுக்கும் உச்சவரம்பு வேண்டும். நாற்பது ஆப்புகள் வந்தால் ஒன்றையும் யாரும் பயன்படுத்திப் பார்க்க மாட்டார்கள், நான்கு வந்தால் பார்ப்பார்கள்.

இப்படிச் செய்தால் குழு வளராது என்பார்கள். மெதுவாகத்தான் வளரும். ஆப் வெளியானதும் பலர் போய்விடுவார்கள், போகட்டும். கடினமான வேலை வேறொன்று: ஆப் எழுதாத ஆட்களை உள்ளே கொண்டுவருவது. கடைக்கணக்கு ஆப் மேசைக்கு வரும் வாரம் ஒரு மளிகைக் கடைக்காரர் அங்கே இருக்க வேண்டும். அவர் நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும், நட்சத்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்டோரில் மதிப்பீடு போடக் காசு கொடுப்பதைக் கூகுளும் ஆப்பிளும் தடுக்கின்றன, ஒரு மணிநேரம் உட்கார்ந்து ஆப்பைப் பயன்படுத்திக் காட்டுவதற்குக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. அந்தப் பணத்தை ஆப் எழுதியவர் நேரடியாகக் கொடுத்தால் மறுபடியும் முகதாட்சணியம் புகுந்துவிடும். எல்லா உறுப்பினரும் மாதம் ஒரு தொகை போட்டு, குழுவின் நிதியிலிருந்து கொடுக்கலாம். எத்தனை உறுப்பினர் என்று பெருமையோடு முகப்பில் எழுதி வைக்கும் குழுக்களில் அப்படி ஒரு நிதி வைத்திருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.